பூட்ஸ் சாரும் பொத்தேரி மாடும்

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் உள்ள அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, இதில் யாரைப் பார்த்தால் உனக்கு வயிற்றைக் கலக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் ஒரே ஆளைக் காட்டுவேன். ரவுடி இல்லை, போலீஸ் இல்லை, வட்டிக்கு விடுபவர் இல்லை. ஐந்தடி மூன்றங்குல உயரம், தலையில் முடி கிடையாது, காலில் முழங்கால் வரை ஏறும் வெள்ளை ரப்பர் பூட்ஸ். அவருக்கும் வீட்டில் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். எங்கள் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் படித்தேன், அந்தப் பெயரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. பூட்ஸ் சார். அவ்வளவுதான்.

கல்லூரி கூடுவாஞ்சேரியைத் தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. சார் வீடு சேலையூரில். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுவார், பூட்ஸோடு. மே மாத வெயிலிலும் பூட்ஸோடு. அவர் உட்கார்ந்தால் எதிர் சீட்டு தானாகக் காலியாகும். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் அவர் பதில் சொல்வார், அதுதான் இன்னும் மோசம். செருப்புக் காலோடு நடப்பதால் என்னென்ன புழு எந்தெந்த விரலிடுக்கு வழியாக ஏறும் என்று பெருங்களத்தூரில் ஆரம்பித்தால் ஊரப்பாக்கம் வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேர் கதவருகே போய் நிற்பார்கள்.

என் அம்மா கோவளத்தில் மீன் விற்கிறவள். என்னைச் சேர்க்க வந்த அன்றைக்கு அவரைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "இன்னாடி இது, கடல்ல எறங்கறவங்க நாம வெறுங்காலோட கீறோம். இந்தாளு இன்னாத்துக்கு இம்மாம் பெரிய பூட்ஸ் போட்டுகினு கீறாரு?"

சார் காதில் விழுந்துவிட்டது. அம்மாவின் காலைப் பார்த்தார். "ரெண்டாவது விரல் நடுவுல சேத்துப்புண் இருக்கும்மா. இன்னிக்கே பாருங்க. விட்டா விரலே போயிடும்" என்றார்.

அம்மா அன்று ராத்திரி தூங்கவில்லை. விரல் போகவில்லை, ஆனால் புண் இருந்தது நிஜம். இதுதான் அவரிடம் எரிச்சலான விஷயம். பயமுறுத்துவார், அதில் பாதி நிஜமாக இருக்கும். எந்தப் பாதி என்று சொல்லமாட்டார்.

மாணவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். ஊர்தான். நான் கோவளம். என் அறைத்தோழி நஸ்ரின் பொழிச்சலூர். அவள் அப்பா பம்மலில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருந்தார். எங்கள் வகுப்பில் திருவண்ணாமலையிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர் "திருவண்ணாமலை" என்றால் மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்று நடுங்குவார்கள். ஒரு பெயருக்கு மூன்று பேர் திட்டு வாங்குவது அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

தொற்றுநோய்ப் பிரிவு அவர் கையில். கல்லூரியில் எந்த வாசலைத் தாண்டினாலும் அவர் கட்டிய கால் தொட்டி ஒன்று இருக்கும். அரையடி ஆழத்தில் வயலெட் நிற மருந்துத் தண்ணீர். மாட்டுக் கொட்டகைக்குப் போகும்போது நனை, வரும்போது நனை. சரி, நியாயம். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கூடத்து வாசலிலும் கட்டினார். நனைக்காமல் தாண்டிக் குதித்தால் எங்கிருந்தோ சளக் சளக் என்று பூட்ஸ் சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் தட்டில் இருக்கும் இட்லி தொண்டையில் நிற்கும். அந்த மருந்து தோலில் பட்டால் பழுப்புக் கறையாக ஒட்டும், ஒரு வாரம் போகாது. என் அக்கா கல்யாணத்தில் எல்லாப் பெண்களும் காலில் மருதாணி வைத்திருந்தார்கள். நான் கணுக்கால் வரை பூட்ஸ் சார் வைத்திருந்தேன்.

ஒரு தடவை திருவண்ணாமலை ஒருவன் வார்டுக்குள் பட்டர் பன் தின்றுகொண்டிருந்தான். சார் பேசவே இல்லை. பன்னை அவன் கையிலிருந்து இடுக்கியால் எடுத்தார். தொற்றுக் கழிவு போடும் மஞ்சள் பையில் போட்டார். கட்டினார். சீட்டு ஒட்டினார். விபத்து அறிக்கை என்று ஒரு தாள் எடுத்து, பாதிக்கப்பட்டவர் என்ற இடத்தில் "பன், பாதி" என்று எழுதி அவனிடம் கையெழுத்து வாங்கினார். அவன் இன்று அரசு கால்நடை மருத்துவர். பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்த இன்னும் தயங்குகிறான்.

ஆனால் இதெல்லாம் விளையாட்டு. அவர் உண்மையில் எங்களைக் கலங்கடித்தது வெறிநாய்க்கடி நோயை வைத்துத்தான். ரேபிஸ் என்ற சொல்லை அவர் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். வந்துவிட்டால் பிழைக்க வைக்க முடியாத நோய். அதற்கு எதிராகக் கால்நடை மாணவர்கள் எல்லோரும் வார்டுக்குள் போவதற்கு முன்னாலேயே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் கல்லூரியில் அந்த ஊசி எல்லாருக்கும் போட்டாகிவிட்டது என்று தாளில் இருந்தது. தாளில்தான் இருந்தது. பூட்ஸ் சார் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் கல்லூரி முதல்வர் மேஜையில் வைத்து, "தாளுக்குத்தான் ஊசி போட்டிருக்கு, பசங்களுக்குப் போடல" என்றார். பிறகு கல்லூரிப் பேருந்தை அவரே எடுத்து வரச் சொல்லி, அறுபது பேரையும் ஏற்றி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

நஸ்ரினுக்கு ஊசி என்றால் உயிர் போகும். ஆஸ்பத்திரியின் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். சார் கதவுக்கு வெளியே நின்றார். தட்டவில்லை, கத்தவில்லை. பாடம் நடத்த ஆரம்பித்தார்.

"பொழிச்சலூர், கேட்டுக்கோ. முதல்ல கடிபட்ட இடத்துல ஊர்ற மாதிரி இருக்கும். அப்புறம் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான்னு நினைப்ப. அப்புறம் தண்ணி குடிக்கப் போவ. தொண்டை இழுத்துக்கும்."

"சார், போதும் சார்."

"இன்னும் பாதி இருக்கும்மா. காத்து முகத்துல பட்டாக்கூட..."

தாழ் திறந்தது. முதல் ஊசி அவளுக்குத்தான். அன்றைக்குச் சாயங்காலம் அவள் சொன்னதை எழுத முடியாது. சுருக்கமாக, அந்த ஆள் நன்றாக இருக்கக் கூடாது என்பது சாரம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

கடைசி வருஷம் முதல்வர் எங்களை அரங்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வருகிறது. நான்கு பேர். கல்லூரியைச் சுற்றிப் பார்ப்பார்கள், ஆஸ்பத்திரியைப் பார்ப்பார்கள், மாணவர்களோடு பேசுவார்கள். அவர்களுக்குத் திருப்தியானால் சர்வதேச அங்கீகாரம்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு இது விளம்பரப் பலகையில் போடும் சமாசாரமாகத் தோன்றும். எங்களுக்கு அப்படி இல்லை. அங்கீகாரம் உள்ள கல்லூரியில் படித்தவர், அந்த நாடுகளுக்குப் போனால் அங்கே படித்தவர்களைப் போலவே நேராகப் பதிவுக்கு நிற்கலாம். அங்கீகாரம் இல்லாத கல்லூரியில் படித்தவர், தான் படித்தது படிப்புத்தான் என்று முதலில் நிரூபிக்க வேண்டும். அதற்கு ஒரு நீளமான பரீட்சை, கட்டம் கட்டமாக. எழுத்து, பிறகு செய்முறை. வருஷக்கணக்கில் இழுக்கும். மாட்டுக்கு அதே நான்கு வயிறுதான். அங்கே ஐந்தாவது வயிறு எதுவும் கிடையாது. ஆனாலும் எழுத வேண்டும். இன்னொன்று, அங்கீகாரம் வந்த பிறகு பட்டம் வாங்குகிறவர்களுக்குத்தான் அது செல்லும். ஒரு மாதம் முன்னால் வாங்கியிருந்தாலும் செல்லாது. எங்கள் அறுபது பேருக்கு இந்தக் குழுதான் ஒரே வாய்ப்பு.

எனக்குப் போக வேண்டும். கடற்கரையில் பிறந்து, எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது என்று இருபது வருஷம் பார்த்துக்கொண்டே இருந்தவள். அதற்கு மேல் காரணம் கேட்டால் என்னிடம் இல்லை.

குழு வருகிற செய்தி வந்ததும் கல்லூரி ஜுரம் வந்ததுபோல் ஆனது. சுவர் வெளுத்தார்கள். செடி வைத்தார்கள். எங்களுக்கு ஆங்கிலத்தில் சிரிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். முதல்வர் ஒரு நாள் ஆஸ்பத்திரியில் நின்று எண்ணிப் பார்த்தார். நோயாளி என்று இருந்தவை இரண்டு ஆடு, ஒரு கிளி. ஆஸ்பத்திரி நிரம்பி வழிய வேண்டும் என்பது குழுவின் எதிர்பார்ப்பு. நம் ஊரில் இதற்கு ஒரு வழி உண்டு. சோதனை வரும் நாளுக்கு மட்டும் ஆள் பிடித்துப் படுக்கையில் படுக்கவைப்பார்கள். மனிதருக்கே செய்கிறவர்கள் மாட்டுக்குச் செய்யமாட்டார்களா?

மினிலாரி பாபு என்று ஒருவரைப் பிடித்தார்கள். சந்தைக்கு மாடு ஏற்றுகிறவர். அவரிடம் முதல்வர் சொன்னது என் காதில் விழுந்தது. "நாப்பது உருப்படி வேணும். எல்லாம் கொழுகொழுன்னு இருந்தா சந்தேகம் வரும். ஒண்ணு ரெண்டு சீக்காளியும் இருக்கட்டும்."

பாபு தலையைச் சொறிந்தார். "சீக்கு மாடுதான் வோணும்னு கேக்கற மொத ஆளு நீங்கதான் சார். பண்ணிக்கலாம், வுடு."

அந்த நாற்பதுக்கும் கேஸ் ஷீட் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. மாட்டுக்கு என்ன தொந்தரவு, சொந்தக்காரர் யார், எந்த ஊர். எல்லாம் கற்பனை. பெயர்களுக்கு ஹாஸ்டல் சமையல்காரம்மாவின் சொந்தக்காரர்கள் எல்லோரையும் எழுதினேன். ஊருக்கு மூளை ஓடவில்லை. கை போன போக்கில் எழுதிக்கொண்டே போனேன். தப்பு என்று தெரியாதா? தெரியும். எல்லாரும் செய்கிறார்கள் என்றும் தெரியும். இரண்டாவது தெரிவது முதலாவதை எப்படி அமுக்கிவிடும் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

பூட்ஸ் சாரிடம் ஒருவரும் மூச்சு விடவில்லை. முதல்வர் அவரைக் கூப்பிட்டு, "ஐசொலேஷன் வார்டைத்தான் அவங்க முதல்ல பார்க்கறாங்க. ஒன்பது மணிக்கு அங்க தயாரா நில்லுங்க, நகரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். அந்த வார்டு வளாகத்தின் கடைசி மூலை. குழுவின் பட்டியலில் அது மறுநாள்தான். சார் ஒன்பதுக்குப் போய், கை கட்டி, காவலுக்கு நிற்பதுபோல் நின்றார்.

குழு வந்தது. இரண்டு பெரியவர்கள், உயரமான ஓர் அம்மா, எங்கள் வயதில் ஒரு மாணவன். மாணவனையும் குழுவில் சேர்ப்பார்களாம். மற்ற மூவரைவிட அவன்தான் எனக்கு உதறலைக் கொடுத்தான். பெரியவர்கள் சுவரைப் பார்த்தார்கள். அவன் எங்கள் முகத்தைப் பார்த்தான்.

ஆஸ்பத்திரிக் கொட்டகையில் நாற்பது உருப்படியும் வரிசையாக நின்றன. முப்பத்தொன்பது நோயாளிகள் மும்முரமாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தார்கள். ஒன்று மட்டும் தின்னவில்லை. கறுப்புப் பசு. தலையைத் தொங்கவிட்டு, வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. இடையிடையே அடித்தொண்டையிலிருந்து கம்மிப்போன குரலில் கத்தியது.

உயரமான அம்மா அதன் முன்னால் நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். இதற்கு என்ன என்று நினைக்கிறாய் என்று கேட்டார்.

பதில் என்னிடம் தயாராக இருந்தது. எச்சில் ஒழுகுகிறது, விழுங்க முடியவில்லை. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது. மாங்கொட்டையாக இருக்கலாம். ஆங்கிலத்தில் தடுமாறாமல் சொன்னேன். முதல்வர் முகம் பூத்தது. எப்படிப் பார்ப்பாய் என்று அந்த அம்மா கேட்டார். கையுறை எடுத்துவர மூலை வரை போக வேண்டும். அந்த ஐந்து நிமிஷத்தில் அறுபது பேரின் எதிர்காலம் நழுவிவிடும் என்று பட்டது. ஒரு கையால் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தேன். மறு கையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"கோவளம். கையை எடு."

கத்தவில்லை. ஐந்து வருஷத்தில் அவர் என்னிடம் மெதுவாகப் பேசியது அன்றுதான். அதனால்தான் என் கை பாதியில் நின்றது. ஒன்பதிலிருந்து பதினொன்று வரை நின்று பார்த்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்களைக் காணோமே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார். கொட்டகை வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, மாட்டைப் பார்த்தார். மாடு கத்தியது. அவர் கண்ணை மூடி அந்தக் குரலைக் கேட்டார்.

"எல்லாரும் பின்னாடி வாங்க. மெதுவா. ஓடாதீங்க."

தமிழில்தான் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் நால்வரும் அப்படியே பின்னால் வந்தார்கள். விரலை நீட்டி வாசலில் இருந்த கால் தொட்டியைக் காட்டினார். நால்வரும் வரிசையாக இறங்கி நனைத்தார்கள். பளபளக்கும் தோல் ஷூ போட்டிருந்த முதல்வரும் நனைத்தார். சிரிக்க வேண்டிய காட்சி. என் கை அந்த வாய்க்கு எத்தனை விரற்கடை தூரத்தில் இருந்தது என்று திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தேன். தொண்டையில் எதுவும் சிக்கவில்லை. ரேபிஸ் வந்த மாட்டுக்குத் தொண்டை வேலை செய்யாது. தொண்டையில் அடைப்பு என்று நினைத்துக் கையை விடுவது, படித்தவர்கள் செய்யவே கூடாத தப்பு. புத்தகத்தில் படித்திருந்தேன். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

"இந்த மாட்டோட ஓனர் யாரு?" என்றார் சார்.

முதல்வர் குழுவைப் பார்த்துப் புன்னகை செய்து, தீவனம் பற்றி விசாரிக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

சார் கேஸ் ஷீட் கட்டை எடுத்தார். கறுப்புப் பசுவின் தாளைப் படித்தார். "தனலட்சுமி, பொத்தேரி." நிறுத்தினார். முந்தின தாளைப் புரட்டினார். "கூடுவாஞ்சேரி." அதற்கு முந்தினது. "ஊரப்பாக்கம். வண்டலூர். பெருங்களத்தூர்." பிறகு அடுத்த தாள். "காட்டாங்குளத்தூர். மறைமலை நகர்." கட்டை மூடினார். எழுத்து யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

"நான் தினம் இந்த ரயில்லதான் வரேன் கோவளம். ஒரு ஸ்டேஷன்லயும் மாட்டைப் பார்த்ததில்லையே."

கட்டை என் கையில் கொடுத்தார்.

"இந்த மாட்டுக்கு நேத்து வரைக்கும் யாரோ கையால ஊட்டியிருப்பாங்க" என்றார். "வாய்க்குள்ள கை விட்டிருப்பாங்க. என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்கு அவங்க வீடு வேணும். இன்னிக்கே வேணும்."

நஸ்ரின் என் முழங்கைக்கு மேலே நகம் பதியக் கிள்ளினாள். "வாயத் தொறக்காதடி. பாபுகிட்ட அப்புறம் கேட்டுக்கலாம். அறுபது பேருடி."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. குழு மதியம் சாப்பிடப் போகும். அதன் பிறகு பாபுவைத் தேடலாம். ரகசியமாக எல்லாம் செய்யலாம். ஆனால் பூட்ஸ் சார் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நேர்மையானவள் என்பதால் பேசவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த மனிதரின் கண்ணுக்குப் பயந்து பேசினேன்.

"தனலட்சுமின்னு யாரும் இல்ல சார். நான்தான் எழுதினேன். மாடெல்லாம் லாரியில வந்தது. இன்னிக்குக் காட்டறதுக்காக."

சார் குழுவின் பக்கம் திரும்பினார். நான் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. குழுவில் இருந்த மாணவன் தரையைப் பார்த்தான். முதல்வர் தன் ஈரமான ஷூவைப் பார்த்தார்.

கறுப்புப் பசுவைத் தனி வார்டில் அடைத்துவிட்டு, சாரும் நானும் மினிலாரியின் முன்சீட்டில் ஏறினோம். பாபு புலம்பிக்கொண்டே ஓட்டினார். "சார், எனுக்கு இன்னா சார் தெரியும்? நாலு ஏரியாவுல ஏத்தினேன். எந்த மாடு எந்த வூடுன்னு யாரு கண்டா? பேஜாரா பூடுச்சே சார். நான் அத்தத் தொட்டேனே. எனுக்கு எதுனா ஆவுமா சார்?"

"வாய்ல கை வெச்சியா?"

"கவுறுதான் சார் புடிச்சேன். எச்ச பட்டுச்சு."

"கையில காயம் இருக்கா?"

பாபு வண்டியை ஓட்டிக்கொண்டே கையைக் காட்டினார். கயிறு அறுத்த கீறல் இருந்தது. சார் வண்டியை நிறுத்தச் சொன்னார். சாலையோரக் குழாயில் பாபுவின் கையைச் சோப்பு போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். கால் மணி நேரம் தேய்த்தார். பையில் சோப்போடு அலைகிற ஒரே பேராசிரியர் அவர்தான்.

கூடுவாஞ்சேரிக்குப் பின்னால் மனை பிரித்துக் கல் நட்ட காலி இடங்களுக்கு நடுவே வீடு வீடாகப் போனோம். என் போனில் பசுவின் படம். கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ளே யாராவது தண்ணீர் குடிக்க முடியாமல் படுத்திருப்பார்களோ என்று எட்டிப் பார்த்தேன். பதினேழாவதோ பதினெட்டாவதோ வீட்டில் ஓர் அம்மா படத்தைப் பார்த்ததும் சிரித்தார்.

"இது நம்ம கறுப்பி. இன்னா சார், சரியாப் பூடுச்சா? நாலு நாளா தின்னவே இல்ல. காலேஜ்ல நல்லாப் பாப்பாங்கன்னு சொல்லி இட்டுகினு போனாங்க."

நாற்பது போலி நோயாளிகளில் அது ஒன்றுதான் நிஜமானது. அந்த அம்மா எங்களை நம்பி அனுப்பியிருக்கிறார்.

"வாய்க்குள்ள கை விட்டீங்களாம்மா?" என்றார் சார்.

"வுடாம? வெத்தல, மொளவு, பூண்டு இடிச்சு உருண்ட புடிச்சு நாந்தான் உள்ள தள்ளினேன். சின்னதுங்க ரெண்டும்தான் வாயத் தொறந்து புடிச்சிதுங்க." கையைக் காட்டினார். விரல் முட்டியில் பல் பட்ட தடம்.

சார் அப்படியே வாசல் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா பதறி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்தார். சார் வாங்கினார். சொம்பு அவர் கையில் நிற்கவில்லை. தண்ணீர் சட்டையெல்லாம் கொட்டியது. எங்களையெல்லாம் ஐந்து வருஷம் நடுங்கவைத்தவரின் கை அது. எனக்கு மாட்டைப் பார்த்ததைவிட அந்தக் கையைப் பார்த்தபோதுதான் அதிகம் கலங்கியது.

"எதுனா கெட்டதா சார்?" என்றார் அந்த அம்மா. குரல் இறங்கிவிட்டது.

"ஊசி போட்டுக்கணும்மா. வீட்ல எல்லாரும். இப்பவே வண்டியில ஏறுங்க. நேரத்துல போட்டா ஒண்ணும் ஆகாது. நீங்க பயப்படாதீங்க. அதுக்குத்தான் நான் இருக்கேன்."

பெரிய மகள் ஊசிக்கு அழுதாள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று அறிகுறி சொன்ன மனிதர், அந்தப் பிள்ளையிடம் ஒரு அறிகுறியும் சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றி அவளிடம் கொடுத்து, போட்டுப் பார்க்கச் சொன்னார். அவள் தொடை வரை வந்தது. அழுகை நின்றது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் வெறுங்காலோடு நின்றதை நான் மட்டும்தான் பார்த்தேன். கல்லூரியில் சொன்னபோது யாரும் நம்பவில்லை.

பசு மூன்றாம் நாள் செத்தது. மூளையைச் சோதித்தார்கள். ரேபிஸ்தான். அந்த வீட்டில் ஐந்து பேர், பாபு ஆறு. எல்லோருக்கும் எல்லா ஊசியும் போட்டு முடியும் வரை ஒவ்வொரு தவணைக்கும் சார் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார். ஆறு பேரும் நன்றாக இருக்கிறார்கள். பாபு இப்போது மாடு ஏற்றுவதில்லை, சிமெண்ட் ஏற்றுகிறார்.

குழுவின் கடிதம் வந்தது. காட்டப்பட்ட ஆவணங்களை நம்ப முடியவில்லை, இப்போதைக்கு அங்கீகாரம் இல்லை, எல்லாவற்றையும் சரிசெய்து பிறகு விண்ணப்பிக்கவும். முழு அறிக்கையில் நல்லதாக இருந்தது ஒரே வரி: கால் தொட்டிகள் முறையாகப் பராமரிக்கப்படுகின்றன.

அறுபது பேர் இல்லை, ஐம்பத்தொன்பது பேர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். கடைசி நாள் குரூப் போட்டோவில் நான் ஓரத்தில் நிற்கிறேன், எனக்கும் பக்கத்து ஆளுக்கும் நடுவே ஒரு மாடு நிற்கலாம். பொய் எழுதச் சொன்னவர்மேல் யாருக்கும் கோபம் இல்லை. நிஜத்தைச் சொன்னவள்மேல்தான். எனக்கும் பூட்ஸ் சார்மேல்தான் இருந்தது. இன்னும் இரண்டு மணி நேரம் அந்த மூலையிலேயே நின்றிருக்கக் கூடாதா என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். நினைத்தவுடன் அந்தச் சின்னப் பிள்ளைகளின் கை ஞாபகம் வரும். அதற்குமேல் நினைக்க முடியாது. நிம்மதியாகக் கோபப்படக்கூட விடாத மனிதர்.

முதல்வரை யாரும் அசைக்கவில்லை. சாரைத்தான் தொற்றுநோய்ப் பிரிவிலிருந்து எடுத்து நூலகத்துக்குப் போட்டார்கள். ஒரு வாரத்தில் நூலக வாசலில் கால் தொட்டி வந்துவிட்டது. அங்கிருந்தே ஓய்வு பெற்றார்.

நஸ்ரின் மூன்று மாதம் கழித்துப் பேசினாள். அந்த நீளமான பரீட்சையை மூன்று தடவை எழுதி இப்போது வெளிநாட்டில் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கிறாள். போன் பேசினால் அவரை அரை மணி நேரம் திட்டுவாள். வைப்பதற்கு முன்னால், "ஆமா, அந்த ஆளு உடம்பு எப்படிடி இருக்கு?" என்பாள். நான் தாம்பரம் பக்கம் கேம்ப் ரோடில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறேன். எழுத்துப் பரீட்சை முடித்தாகிவிட்டது. செய்முறையில் ஒரு தடவை கோட்டைவிட்டேன். மறுபடி போவேன்.

போன மாதம் ஜி.எஸ்.டி. ரோடில் பெரிய பேனர் பார்த்தேன். எங்கள் கல்லூரிக்குச் சர்வதேச அங்கீகாரம் கிடைத்துவிட்டது. நடுவில் முதல்வர் படம், கை கூப்பிக்கொண்டு. இந்த வருஷம் பட்டம் வாங்குகிறவர்களிலிருந்து செல்லும். இந்த முறை எல்லாம் நிஜமான நோயாளிகளாம், எல்லாருக்கும் நிஜமான ஊசியாம். நல்லது. ஆனால் எங்கள் வருஷம் போனது போனதுதான். வண்டியை ஓரம் கட்டி, அந்தப் பேனரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உடம்பெல்லாம் எரிந்தது. யாரையாவது நன்றாகத் திட்ட வேண்டும்போல இருந்தது. முதல்வர் அறைக்குள் என்னை விடமாட்டார்கள். நேராகச் சேலையூருக்கு விட்டேன்.

சார் கதவைத் திறந்தார். இன்னும் இளைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும், முப்பது வயதாகப்போகிற எனக்கு, பழைய மாதிரியே வயிற்றைக் கலக்கியது.

"என்ன கோவளம், வேலை நேரத்துல?"

"உங்களைத் திட்டறதுக்கு வந்தேன் சார்."

அவர் ஆச்சரியப்படவில்லை. பேனரை அவரும் பார்த்திருப்பார்.

"நியாயம்தான். சாப்டியா?"

"இல்ல சார்."

"அப்ப உள்ள வா. சாப்டுட்டுத் திட்டு. வெறும் வயித்துல கத்தினா அல்சர் வரும். அல்சர் எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா?"

"சொல்லாதீங்க சார்."

சொல்லிக்கொண்டேதான் பரிமாறினார். ரசம் அவரே வைத்ததாம். நன்றாக இருந்தது. இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன், மூன்றாவது தடவை அவராகவே ஊற்றினார். எழுந்து கை கழுவும்போதுதான் திட்ட வந்தது ஞாபகம் வந்தது. நேரமாகிவிட்டது, கிளினிக்கில் நாய்கள் காத்திருக்கும்.

"ஞாயித்துக்கிழமை வந்து திட்டறேன் சார்" என்றேன்.

"வா" என்றார். "எல்லா ஞாயித்துக்கிழமையும் வீட்லதான் இருக்கேன்."